கடலில்லாத ஊரின் பீரங்கி

காஞ்சிபுரத்தை இன்றுவரை கடல் வழியாக எந்த எதிரியும் தாக்கியதில்லை. அதற்கு ஒரே ஒரு மனிதர்தான் காரணம். அவர் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில், எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் குடியிருந்தார். கடல் உங்கள் ஊரிலிருந்து நாற்பது மைல் தள்ளியல்லவா இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அப்படிக் கேட்டவர்களிடம் அவர் திருப்பிக் கேட்பார்: "அது ஏன் நாப்பது மைல் தள்ளியே நின்னுக்கினு இருக்குது? யோசிச்சியா?"

அப்பா அம்மா அவருக்கு வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்க வேண்டும். தெருவுக்கு அவர் பீரங்கி. நேரில் பீரங்கி மாமா, நகர்ந்ததும் வெறும் பீரங்கி. நேரில் கூப்பிட்டாலும் பின்னால் கூப்பிட்டாலும் அவருக்குச் சந்தோஷம்தான். பின்னால் கூப்பிடுவது காதில் விழாது என்பது வேறு விஷயம். இடது காதைச் சர்க்கார் சேவைக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்வார். வலது காது பாதி நாள் லீவில் இருக்கும்.

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மெட்ராஸே மூட்டை கட்டியது. முந்தைய யுத்தத்தில் எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டுவிட்டுப் போனதை நேரில் பார்த்த கிழவர்கள் அப்போது உயிரோடு இருந்தார்கள், பயத்துக்குக் கேட்பானேன். பாய், பாத்திரம், தையல் மிஷின் சகிதம் பாதி மெட்ராஸ் எங்கள் ஊர் ரயிலடியில் வந்து இறங்கியது. அத்தனை கூட்டத்தையும் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ரயிலில் ஒரே ஒரு ஆள் ஏறி மெட்ராஸுக்குப் போனாராம். அவர்தான் நம்மவர். எண்ணூருக்கு வடக்கே கடலோர மணல்மேட்டில் சர்க்கார் பீரங்கி வைத்திருந்த இடத்தில் அவருக்கு உத்தியோகம். யுத்தம் முடிந்ததும் தறிக்குத் திரும்பினார். ஆனால் முழுசாகத் திரும்பினாரா என்பதில் தெருவுக்கே சந்தேகம் இருந்தது.

காலையில் தெரு நெடுகப் பாவு விரிப்பார்கள். சேலைக்கான நீள வாட்டு நூலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டி, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று பிசிர் எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். மற்றவர்கள் நூலைப் பார்ப்பார்கள். பீரங்கி மாமா ஆட்களைப் பார்ப்பார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, வேட்டிக்கு மேல் பட்டாளத்து பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, வரிசையாக நடந்து ஒவ்வொருவர் முகவாயையும் விரலால் நிமிர்த்திவிட்டுப் போவார். இதைச் சகித்துக்கொள்ளாதவர்கள் எங்கள் தெருவில் பாவு விரிக்க வர முடியாது.

வரதர் கோயில் கருட சேவைக்கு அதிர்வேட்டு போடுவார்கள். ஊரே காதைப் பொத்திக்கொள்ளும். மாமா மட்டும் வேட்டுக்காரரிடம் போய் அனுதாபத்தோடு விசாரிப்பார். "இன்னாபா, உடம்பு சரியில்லையா? மருந்து இருமுது." அந்த வேட்டுக்காரர் ஒரு வருஷம் ரோஷப்பட்டு ஒரு பிடி மருந்து கூடுதலாகப் போட்டு, பக்கத்து மண்டி ஓடு பாதி கீழே வந்தது. மாமா அப்போதும், பரவாயில்லை, முன்னேற்றம் தெரிகிறது என்றுதான் சொன்னார்.

மழைக்காலம் வந்தால் அவருக்குக் கொஞ்சம் கவலை வந்துவிடும். சர்வதீர்த்தக் குளம் நிரம்பியதா என்று குடையோடு போய்ப் பார்ப்பார். படி எல்லாம் முங்கிவிட்டால், கப்பல் மிதக்கிற ஆழம் ஆகிவிட்டதோ என்று அன்று முழுக்க யோசனையாக இருப்பார். பாகிஸ்தானோடு சண்டை நடந்த சமயம் தன் வீட்டு ஓட்டின் மேல் ஏறிக் கிழக்குப் பக்கமாக உட்கார்ந்துகொண்டார். சாப்பாடு ஏணி வழியாக மேலே போயிற்று. சண்டை மேற்கே நடக்கிறது மாமா என்று யாரோ கீழேயிருந்து கத்தினார்கள். "அதான் எல்லாரும் அங்க பாத்துக்கினு கீறாங்களே. இங்க யாரு பாக்கறது?" என்றார். யோசித்தால் நியாயமாகத்தான் இருந்தது. அவரிடம் இதுதான் தொல்லை. கடைசியில் எப்போதும் ஒரு வசனம் வரும்: "நான் இருக்கும்போது எவன் வருவான்?"

இதெல்லாம் தெரு சமாசாரம். அவர் வீட்டுத் தறி சமாசாரம் தனி.

காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் நூலோடு நூலைப் பின்னிக் கோத்து நெய்வதற்குக் கோர்வை என்று பெயர். ஒரு ஆளால் ஆகாது. நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் கரைக்கு நாடா தள்ளுகிறவர் ஒருவர். நாடா என்றால் குறுக்கு நூலான ஊடையைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடும் படகு மாதிரிக் கட்டை. இருவர் கையும் ஒரே தாளத்தில் போனால்தான் கோர்வை உட்காரும். மற்ற வீடுகளில் இதைக் கண் ஜாடையிலோ "ம்" என்ற ஒரு சத்தத்திலோ முடித்துக்கொள்வார்கள். மாமா வீட்டில் ராணுவ முறைப்படி நடக்கும்.

"லோட்!" என்று ஒரு சத்தம் வரும். நாடா போகும். "லாக்!" என்பார். கோர்வை விழும். "ஃபயர்!" என்றதும் பலகை வந்து நூலை இறுக்கி அடிக்கும். ஒவ்வொரு இழைக்கும் இதே கூத்து. கல்யாணச் சேலை வாங்க மெட்ராஸிலிருந்து காரில் வந்த குடும்பங்கள் அவர் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் தயங்கி நின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குள் போய்விடுவது உண்டு.

இந்த மூன்று கட்டளைகளுக்கும் நடுவில் இன்னொரு குரல் கேட்கும். "ரெடி சார்!"

அது அவர் மகள் கனகா. அவள்தான் பக்கத்து நாடா தள்ளுகிறவள். அப்பாவின் செவிட்டுக் காதைத் தாண்டிப் போக வேண்டிய குரல் என்பதால் தெருக்கோடியில் இருந்த எங்கள் நூல் கடை வரைக்கும் வரும். நான் கடையில் பட்டு நிறுத்துக்கொண்டு இருப்பேன். "ரெடி சார்" என்று கேட்டதும் கை நின்றுவிடும். அந்த வீட்டுக்கு ஜரிகை கொடுத்தனுப்ப வேண்டும் என்றால் கடையில் யாரையும் கூப்பிட விடாமல் நானே போவேன். ஒருநாள் ஜரிகையை அவளிடம் நீட்டியபடியே நின்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, மெல்ல, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "இன்னா, ரெடியா?" என்றாள். அவளுக்கு மெதுவாகவும் பேசத் தெரியும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பட்டு நூலை நிறுத்து நிறுத்து அவருக்குப் பேச்சும் தராசில் வைத்த பேச்சாகிவிட்டது. தெருவில் மழை பெய்கிறதா என்று கேட்டால் வெளியே போய்க் கையை நீட்டிப் பார்த்துவிட்டு வந்துதான் ஆமாம் என்பார். நன்றாக இருக்கிறீர்களா என்று விசாரிப்பவர்களிடம் முழங்காலைத் தவிர என்று பதில் சொல்வார். கூட்டிப் பேசுகிறவனையும் எடையில் குறைக்கிறவனையும் அவர் ஒரே கணக்கில் வைத்திருந்தார். இப்படிப்பட்டவர் பீரங்கி வீட்டில் பெண் எடுப்பதா என்று அம்மாவே பயந்தாள். ஆனாலும் பெண்ணைப் பற்றித் தெரு முழுக்க நல்ல பேச்சு. அப்பா பெண் பார்க்கச் சம்மதித்தார்.

பெண் பார்த்த வைபவத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. கேசரி வந்தது, பஜ்ஜி வந்தது, கனகா வந்து நமஸ்காரம் செய்தாள். அப்போது மாமா, சும்மா இருக்கக் கூடாதென்று, தான் கப்பல்களை விரட்டிய கதையை ஆரம்பித்தார். மூன்று ஜப்பான் கப்பல்கள் வந்ததாம். இவர் ஒரே குண்டில் மூன்றையும் திருப்பி அனுப்பினாராம். அப்பா பஜ்ஜியைக் கீழே வைத்தார்.

"போன தீபாவளிக்கு ஒரு கப்பல்னு சொன்னீங்க."

மாமாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. இன்னும் இரண்டு கப்பல் பின்னால் வந்துகொண்டிருந்ததாகச் சேர்த்துக்கொண்டார். அப்பா எழுந்துவிட்டார். கை கழுவவில்லை, சொல்லிக்கொள்ளவும் இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் தீர்ப்பைச் சொன்னார். அந்த ஆள் பட்டாளத்தில் இருந்தானா என்பதே சந்தேகம். வாயைத் திறந்தால் பொய் வருகிற வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொள்ள முடியாது. இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறானே, அதில் ஒன்றே ஒன்று நிஜம் என்று காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார். எதிர் வரிசை வீட்டில் அன்று தறி ஓடவில்லை. "ரெடி சார்" கேட்காத தெருவில் நான் எப்படிப் பட்டு நிறுத்தேன் என்று எனக்கே தெரியாது.

இந்தத் தீர்ப்பு மாமாவின் வலது காது வரைக்கும் எப்படியோ போய்ச் சேர்ந்தது. மறுநாள் பெல்ட்டோடு கடை வாசலில் வந்து நின்றார். "வாங்க, போலாம்," என்றார் அப்பாவிடம். "பீரங்கியையே காட்டறேன். பொண்ணு வாழ்க்கை இது. வாங்க."

அப்பா தராசைத் துடைத்து வைத்துவிட்டு, வருகிற செவ்வாய்க்கிழமை கடைக்கு விடுமுறை என்றார்.

ஆக நாங்கள் மூவரும் முதல் பஸ்ஸில் கிளம்பினோம். அம்மா மந்தாரை இலையில் மிளகு சீரகம் போட்ட இட்லி கட்டிக் கொடுத்திருந்தாள். மாமா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு வழி நெடுகப் பீரங்கியை வர்ணித்தார். குழாய் அவ்வளவு நீளம், குண்டு இவ்வளவு பெரிசு, ஒரு தடவை வெடித்தால் மணல்மேடு ஒரு முழம் பின்னால் போகும். அப்பா ஒவ்வொன்றாக மனசுக்குள் வாங்கி வைத்துக்கொள்வது முகத்தில் தெரிந்தது. அங்கே போய் எல்லாவற்றையும் நிறுத்துப் பார்க்கப்போகிறார். நான் பின் சீட்டில் கண்ணை மூடிக் காமாட்சியைக் கும்பிட்டுக்கொண்டே வந்தேன்.

மெட்ராஸில் பஸ் மாறி, எண்ணூரில் இறங்கி, அங்கிருந்து சுடுமணலில் நடை. மாமா முன்னால் லெஃப்ட் ரைட் போட்டுக்கொண்டு போனார். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் கையை நீட்டி, "அதோ," என்றார்.

அங்கே ஒன்றும் இல்லை.

ஒன்றும் இல்லை என்று சொல்வது அப்பா பாணியில் தப்பு. சிமென்ட் மேடை ஒன்று இருந்தது, வட்டமாக. நடுவே ஒரு இரும்பு வளையமும் துருப்பிடித்த முளைகளும் நீட்டிக்கொண்டு இருந்தன. பாதியை மணல் மூடியிருந்தது. மேடையின் மேல் யாரோ கருவாடு காயப் போட்டிருந்தார்கள். குண்டுகள் வைத்திருந்த கொட்டடிக்குள் ஆடுகள் படுத்திருந்தன. பின்னால் கடல் பாட்டுக்கு இருந்தது. பீரங்கியை மட்டும் காணோம். எப்போதோ கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது.

அப்பா மேடையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பிறகு நிதானமாகக் கேட்டார்.

"பீரங்கி எங்க?"

மாமா பதில் சொல்லாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். வாய் திறந்தபடி இருந்தது, கை முளையைத் தடவிக்கொண்டிருந்தது. என் கல்யாணம் அந்தக் கருவாட்டோடு சேர்ந்து காய்ந்துகொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா செருப்பைக் கழற்றினார். தறியில் உட்காரும்போது கழற்றுவாரே, அதே மாதிரி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். வளையத்துக்குள் போய்க் கடலைப் பார்த்து நிமிர்ந்து நின்றார். பக்கத்தில் ஆள் நிற்பதுபோல் இடமும் வலமும் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மணல்மேடே அதிரும்படி கத்தினார்.

"நாடா!"

ஆடுகள் எழுந்துகொண்டன.

"கோர்வை!"

ஆடுகள் ஓடிவிட்டன.

"அடி!"

அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபம்கூட இல்லை, அந்த முகத்தில் இரக்கம்தான் இருந்தது. தறி வீட்டில் பீரங்கிப் பேச்சு, பீரங்கி மேடையில் தறிப் பேச்சு. எதை எங்கே சொல்வதென்று தெரியாத மனிதருக்குப் போய் இத்தனை தூரம் பஸ் ஏறி வந்தோமே என்று மெல்லச் சொன்னார். வா, ஊருக்குப் போகலாம் என்று என் கையைப் பிடித்தார்.

அப்போதுதான் தோப்பு ஓரத்து டீக்கடையிலிருந்து ஒரு ஆள் ஓடி வந்தார். ஐம்பது வயசு இருக்கும், கடலில் கறுத்த உடம்பு, கையில் டீ வடிகட்டுகிற துணி சொட்டிக்கொண்டே வந்தது. எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே மேடை மேல் ஏறி, வளையத்துக்கு இடது பக்கம், சரியாக ஒரு முளையின் பக்கத்தில் போய்க் குதிகாலைச் சேர்த்து நின்று, "கோர்வை ரெடி!" என்று கத்தினார். கத்திய பிறகுதான் மாமாவின் முகத்தைப் பார்த்தார்.

"தறி," என்றார். "யோவ், தறி! நீயா?"

எங்கள் ஊரில் அவர் பீரங்கி. பீரங்கி இருந்த ஊரில் அவருக்குப் பெயர் தறி.

இருவரும் கட்டிக்கொண்டதில் டீத் துணி நடுவில் மாட்டி மாமா சட்டை நாசமாயிற்று. அந்த ஆளுக்கு அந்தோணி என்று பெயர். அந்தக் குப்பத்துக்காரர். யுத்தத்தின்போது இதே மேடையில் மாமாவோடு வேலை பார்த்தவர். அப்பா அவரைத் தனியாக அழைத்துப் போய் விசாரிக்கப் பார்த்தார். அந்தோணிக்கு அந்த ரகசியமெல்லாம் புரியவில்லை, எல்லாருக்கும் டீ போட்டுக்கொண்டே உரக்கச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

அந்த மேடையில் ஒரு தெலுங்குக்காரர், ஒரு மலையாளி, மீன்பிடித்துக்கொண்டிருந்த அந்தோணி, தறியிலிருந்து வந்த மாமா என்று ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாத கூட்டம். மேலே வடக்கத்தி ஹவில்தார். அவர் இங்கிலீஷில் கொடுத்த கட்டளை யாருக்கும் மண்டையில் ஏறவில்லை. ஒருவர் குண்டைத் தூக்கினால் இன்னொருவர் பீரங்கியின் பின்கதவைச் சாத்தினார். யாராவது ஒருவர் கை போய்விடும் என்கிற நிலைமை. ஒருநாள் மாமாவுக்குப் பொறுக்கவில்லை. குண்டை உள்ளே தள்ளும்போது "நாடா" என்றார், கதவைச் சாத்திப் பூட்டும்போது "கோர்வை" என்றார், சுடுகிற இடத்தில் "அடி" என்றார். அவருக்குத் தெரிந்த தாளம் அது ஒன்றுதான். மற்றவர்களும் அந்தத் தாளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஹவில்தார் இரண்டு நாள் முறைத்துப் பார்த்துவிட்டு, வேலை நடப்பதைப் பார்த்து, மூன்றாவது நாள் தானே "கோர்வை" என்று கத்த ஆரம்பித்தாராம்.

"எப்பப் பாத்தாலும் தறி, தறின்னுக்கினு இருப்பாரு," என்றார் அந்தோணி. "சோறு தின்னும்போது தறி. தூக்கத்துல தறி. எங்களுக்கே காஞ்சிபுரம் போய் நெய்யலாம்னு ஆயிப்போச்சு."

அப்பா டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டார். "கோர்வைன்னா இன்னான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாம இன்னா?" என்றார் அந்தோணி. "அது பட்டாளத்து வார்த்தை. கதவைச் சாத்திப் பூட்டறது. ராத்திரி கடையைச் சாத்தும்போது என் பொண்டாட்டியே, கோர்வை போட்டியான்னு கேக்கறா. என் பையன் கட்டுமரம் தள்ளும்போது அடி, அடின்னுதான் தள்றான்."

முப்பது வருஷமாகத் தறி வீடுகளுக்குப் பட்டு நிறுத்துக் கொடுத்த என் அப்பா, கடலோரக் குப்பத்தில் ஒரு வீட்டுக் கதவுக்குக் கோர்வை விழுகிறது என்பதைக் கேட்டுச் சிரித்தார். உதடு மட்டும் அசைகிற அவருடைய வழக்கமான சிரிப்பில்லை. வயிறு குலுங்கிய சிரிப்பு, டீ பாதி மணலில் போயிற்று. அவருக்குப் பல் இத்தனை வரிசையாக இருப்பது எனக்கே புதுசு.

கேட்டது ஒரே ஒரு நிஜம், அது கிடைத்துவிட்டது. அத்தோடு எழுந்து வந்திருக்கலாம். அப்பாவுக்குத் தராசு கையை விட்டுப் போகாதே. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போ கப்பல் வந்துதா?" என்றார்.

அந்தோணி மாமாவைப் பார்த்தார். என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை. மாமா கண்ணைச் சிமிட்டியிருந்தால் போதும், ஒரு கப்பல் என்ன, ஒன்பது கப்பலை அந்த மனிதர் சத்தியம் பண்ணிக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார். நான் மனசுக்குள் சிமிட்டுங்கள் மாமா, சிமிட்டுங்கள் என்று கெஞ்சினேன்.

மாமா கடலைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். அவர் பேசியது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. அப்பாவும் நானும் குனிந்து காதைக் கிட்டக் கொண்டுபோக வேண்டியிருந்தது.

"வரலைங்க. ஒண்ணும் வரலை. தினம் எழுந்து தொடைச்சோம், எண்ணெய் போட்டோம், கடலைப் பாத்துக்கினு நின்னோம். பழகறதுக்காகச் சுட்டதுதான், வேற சுடலை. சண்டை முடிஞ்சு ஊருக்கு வந்தா எல்லாரும், இன்னா பண்ணே, இன்னா பண்ணேன்னு கேட்டாங்க. சும்மா கடலைப் பாத்துக்கினு இருந்தேன்னு எப்படிங்க சொல்றது?" பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "எம் பொண்ணு பொய் சொல்லாதுங்க. அது அவங்க அம்மா மாதிரி."

போன ஆடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அப்பா மேடைப் பக்கம் திரும்பி நடந்து, அதன் விளிம்பில் கருவாட்டை நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். முழங்கால் வலிக்காக இரண்டு கையாலும் காலை நீட்டிவிட்டுக்கொண்டார். இட்லிப் பொட்டலத்தைப் பிரித்து, முதல் இட்லியை எடுத்து மாமாவிடம் நீட்டினார்.

"வந்திருந்தா நாம இங்க உக்காந்து இட்லி தின்ன முடியுமா, சம்பந்தி?" என்றார்.

சம்பந்தி என்ற அந்த ஒரு வார்த்தை மாமாவின் இரண்டு காதிலும் முதல் தடவையே விழுந்தது. இட்லியை வாங்கிக்கொண்டார், தின்னவில்லை. எனக்கு எழுந்து அந்த மேடையைச் சுற்றி ஆட வேண்டும் போலிருந்தது. ஆடவில்லை, அந்தோணியின் டீயை இன்னொன்று கேட்டு வாங்கிக் குடித்தேன். அவ்வளவு மோசமான டீயை அவ்வளவு நன்றியோடு யாரும் குடித்திருக்க மாட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இட்லி உள்ளே போனதும் மாமாவுக்குக் குரலும் திரும்பிவிட்டது. பூந்தமல்லி தாண்டுவதற்குள் முன் சீட்டுக்காரரிடம் ஆரம்பித்துவிட்டார். மூன்று கப்பல், ஒரே குண்டு. நான் பயந்துபோய் அப்பாவைப் பார்த்தேன். அவர் நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். முன் சீட்டுக்காரர் சந்தேகப் பிராணி. அப்பாவின் பக்கம் திரும்பி, இதெல்லாம் நிஜமா ஐயா என்று கேட்டார்.

"அந்த இடத்தைப் போய்ப் பாத்துட்டுத்தான் வந்துக்கினு இருக்கேன்," என்றார் அப்பா. ஒரு குன்றிமணி கூடுதல் இல்லை, குறைச்சல் இல்லை. முன் சீட்டுக்காரர் மாமாவுக்கு எழுந்து நின்று கும்பிடு போட்டார்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி எடுத்துக் கையில் கொடுத்ததும் யாராவது கெட்டிமேளம் என்று கத்த வேண்டும் அல்லவா? எல்லாருக்கும் முந்திக்கொண்டு மாமா "ஃபயர்!" என்றார். தவில்காரர் எங்கள் தெருக்காரர்தான், ஒரு நொடிகூட யோசிக்காமல் வெளுத்து வாங்கிவிட்டார். குனிந்த தலையோடு உட்கார்ந்திருந்த கனகா, பழக்க தோஷத்தில், "ரெடி சார்" என்று சொன்னது எனக்கு மட்டும் கேட்டது. முன் வரிசையில் அந்தோணி குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் அன்போடு கொண்டுவந்து கொடுத்த கருவாட்டுக் கூடை, சைவச் சமையல் நடந்த கொட்டகையில் எப்படியோ போய்ச் சேர்ந்து, சமையல்காரர் கரண்டியைப் போட்டுவிட்டு வெளியே வந்ததெல்லாம் தனிக் கதை.

பேரப்பிள்ளைகள் வந்த பிறகு கப்பல்களின் எண்ணிக்கை ஒரு கட்டுக்குள் நிற்கவில்லை. நீர்மூழ்கிகூட ஒன்று வந்து சேர்ந்தது. என் அப்பா பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டு இருப்பார். எதையும் மறுக்க மாட்டார். கதையில் மேடை வருகிற இடத்தில் மட்டும் பிள்ளைகளைப் பார்த்து, "மேடை வட்டமா இருந்துது. அது நிஜம்," என்பார். மாமா பெருமையோடு தலையாட்டுவார். அப்பா போனபோது, தெருவே கேட்க அழுதவர் அவர்தான். அவருக்கு மெதுவாக அழத் தெரியாது.

எனக்கு மனைவியைக் கொடுத்தவர் அவர். ஆயுசு முழுக்கச் சத்தம் குறையாத வீட்டைக் கொடுத்தவர் அவர். அதைவிட, என் அப்பாவுக்கு ஒரு சிநேகிதரைக் கொடுத்தார். அதற்கு முன் அப்பாவுக்கு அப்படி யாரும் இருந்ததில்லை. இதற்கெல்லாம் அவரிடம் நன்றி சொல்ல நான் ஒருமுறை முயற்சி செய்தேன். அவருக்குக் காதில் விழவில்லை. இரண்டாம் முறை கத்திச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. போன வாரம் நானும் கனகாவும் மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் தின்றுகொண்டிருந்தோம். கடல் காலியாக இருந்தது. கண்ணுக்கெட்டிய வரை ஒரு கப்பலைக்கூடக் காணோமே என்றேன் நான், சும்மா ஒரு பேச்சுக்கு. கனகா பொட்டலத்திலிருந்து நிமிரவே இல்லை.

"எங்கப்பா இருக்கும்போது எவன் வருவான்?" என்றாள்.